முடிவுரையைக் கடைசியில் படியுங்கள்: ஒரு மருந்தாய்வை எடைபோடும் முறை

மெடிக்கல் ரெப் மேசையில் வைத்துவிட்டுப் போகும் ஆய்வுக் கட்டுரையில் முதல் பக்கம் மட்டும்தான் கைபட்டுக் கசங்கியிருக்கும். சுருக்கம் அங்கேதான் இருக்கிறது. சுருக்கத்தின் கடைசி இரண்டு வரியில் முடிவும் இருக்கிறது. ஓ.பி. நெரிசலில் அதற்குமேல் புரட்ட யாருக்கு நேரம்? ஆனால் ஒரு ட்ரையலில் மிகக் குறைவாக நம்ப வேண்டிய பகுதி அந்த இரண்டு வரிகள்தான். அவை ஆய்வாளரின் அபிப்பிராயம். அவர் உண்மையில் செய்தது என்ன என்பது உள்ளே, பொடி எழுத்தில் அச்சாகும் செய்முறைப் பகுதியில் இருக்கிறது. நேராக அங்கே போங்கள்.

இந்த வேலைக்குப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் முக்கால்வாசிக் குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆட்களைப் பின்தொடருங்கள். எத்தனை பேர் ஆய்வுக்குள் வந்தார்கள், அவர்களை எது இரண்டாகப் பிரித்தது, வழியில் யார் காணாமல் போனார்கள், கடைசியில் என்ன எண்ணப்பட்டது, எண்ணியவர் யார்? இந்த வரிசையில் படித்தால் ஆசிரியரின் சொல்நயம் உங்களை அசைக்காது.

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியது அது. காசநோயாளி சானடோரியத்தில் படுத்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுத்தால்தான் பிழைப்பார் என்பது அன்றைய நம்பிக்கை. சென்னையிலோ நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் சொற்பம். அதனால் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு கேள்வி எழுப்பப்பட்டது: சேரிகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் இருக்கும் ஏழை நோயாளி ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரு மருந்துகளையும் வீட்டிலிருந்தபடியே ஓராண்டு சாப்பிட்டால், அதே மருந்தைச் சானடோரியத்தில் சாப்பிடுபவர் அளவுக்குக் குணமாவாரா? 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியக் குழுவில் 92 சதவீதம் பேருக்கும், வீட்டுக் குழுவில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது.

நல்ல ட்ரையலின் முதல் அடையாளம் அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. நீங்கள் படிக்கும் கட்டுரையையும் இப்படி ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் பெரும்பாலும் குறை உங்களிடம் இல்லை.

'எதோடு ஒப்பிட்டு' என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏற்கெனவே நல்ல மருந்து இருக்கும் நோய்க்குப் புது மருந்தை வெறும் போலி மாத்திரையோடு ஒப்பிட்டிருந்தால், அது உங்கள் கேள்விக்கான பதில் அல்ல. பழைய மருந்தோடுதான் ஒப்பிட்டார்கள் என்றால் அதன் டோஸைப் பாருங்கள். எதிராளியைப் பட்டினி போட்டுவிட்டு மல்யுத்தம் நடத்துவது சுலபம்.

பிரித்தது யார்?

இரண்டு குழுக்களும் சிகிச்சை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் குலுக்கல் முறை. வயது, வறுமை, நோயின் தீவிரம் போன்ற தெரிந்த வேறுபாடுகளை மட்டுமல்ல, நமக்குத் தெரியாத வேறுபாடுகளையும் குலுக்கல் இரு பக்கமும் பரப்பிவிடும். வேறு எந்த முறைக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆனால் 'குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர்' என்ற ஒரு வரியைப் பார்த்ததும் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அடுத்துக் கேட்க வேண்டியது இன்னும் முக்கியமானது. நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டருக்கு, அடுத்து வரப்போவது எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரிந்திருக்குமா?

ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படையானால் புது மருந்து, இரட்டைப்படையானால் பழைய மருந்து என்று ஓர் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டியூட்டி டாக்டருக்குப் புது மருந்தில் நம்பிக்கை அதிகம். இரட்டைப்படை எண்ணோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்று குழந்தைகளோடு ஒரு தாய் வருகிறார். 'இவரை ஆய்வில் சேர்க்க வேண்டாம், தனியாகவே பார்த்துக்கொள்ளலாம்' என்று டாக்டர் இரக்கப்பட்டு முடிவெடுக்கிறார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆனால் இப்படிப் பத்துப் பேர் விடுபட்டால் இரு குழுக்களும் ஒன்றுபோல இல்லை. அதற்குப் பிறகு செய்யும் எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது. சேர்ந்த கிழமை, பிறந்த தேதி, மாற்றி மாற்றிப் போடுதல் ஆகிய எல்லாவற்றிலும் இதே ஓட்டைதான்.

ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வடிவமைத்து 1948இல் வெளியான, காசநோய்க்கான பிரிட்டிஷ் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு கொண்டாடப்படுவதற்குக் காரணம் இதுதான். அதில் மொத்தம் 107 நோயாளிகள். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒதுக்கீடு தயாரிக்கப்பட்டு, ஒட்டிய உறைகளில் வைக்கப்பட்டது. ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் அவருக்குரிய உறை திறக்கப்பட்டது. ஆறு மாதத்தில் மருந்துக் குழுவின் 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். ஒதுக்கீட்டை முன்கூட்டியே தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததால்தான் இவ்வளவு சிறிய ஆய்வின் எண்களை இன்றும் நம்ப முடிகிறது.

கென்னத் ஷுல்ஸும் சகாக்களும் 1995இல் கர்ப்பம், பிரசவம் தொடர்பான 250 ட்ரையல்களை ஆராய்ந்தார்கள். ஒதுக்கீட்டைச் சரியாக ஒளிக்காத ஆய்வுகளில் சிகிச்சையின் பலன், வாய்ப்பு விகிதக் கணக்கில் 41 சதவீதம் மிகைப்பட்டுத் தெரிந்தது. பெரும்பாலான மருந்துகளின் உண்மையான பலனே அவ்வளவு இருக்காது.

ஆகவே செய்முறைப் பகுதியில் தேட வேண்டியவை: மையக் கணினி அல்லது தொலைபேசி வழி ஒதுக்கீடு, மருந்தகமே எண்ணிட்டுத் தரும் ஒரே மாதிரியான டப்பாக்கள், வரிசை எண்ணிட்ட, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத, ஒட்டிய உறைகள். இவற்றில் ஒன்றாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எதுவுமே எழுதவில்லை என்றால், எழுத மறந்தார்கள் என்று நல்லெண்ணத்தோடு நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

பிரித்த பிறகு மறைத்தார்களா என்பது தனிக் கேள்வி. நோயாளிக்கும் டாக்டருக்கும் எது மருந்து, எது போலி என்று தெரியாமல் வைப்பது இருதரப்பு மறைப்பு. எல்லா இடத்திலும் இது முடியாது. சானடோரியக் கட்டிலில் படுத்திருப்பவரை, அவர் வீட்டில் இருப்பதாக நம்ப வைக்க முடியுமா? அப்படிப்பட்ட ஆய்வில் எதை அளந்தார்கள் என்பதைப் பொறுத்துக் கவலைப்படுங்கள். கபத்தில் கிருமி வளர்கிறதா இல்லையா என்பதை ஆய்வகம் சொல்கிறது. இறப்பை யாரும் திரித்துச் சொல்ல முடியாது. 'வலி எவ்வளவு குறைந்தது?' என்று நோயாளியைக் கேட்டு எழுதியிருந்தால் மட்டும், மறைப்பு இல்லாத ஆய்வை ஒதுக்கிவைப்பது நல்லது.

வழியில் காணாமல் போனவர்கள்

நல்ல கட்டுரைகளில் ஓர் ஓட்டப்படம் இருக்கும். எத்தனை பேர் பரிசீலிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பிரிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை பேர் கடைசிக் கணக்கில் வந்தார்கள் என்று கட்டம் கட்டிக் காட்டும் படம். முடிவுகளைப் படிப்பதற்கு முன்னால் பென்சிலோடு இந்தப் படத்தின் முன் உட்காருங்கள். கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். வராத கட்டுரைகள் உண்டு.

மருந்தைப் பாதியில் நிறுத்தியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 'ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் பார்ப்போம், சாப்பிடாதவருக்கு மருந்து எப்படி வேலை செய்யும்?' என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். இந்த நியாயத்தை உடைத்தது அமெரிக்காவில் நடந்த கரோனரி டிரக் ப்ராஜெக்ட். ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. ஐந்து ஆண்டில் மருந்தை ஒழுங்காக, அதாவது 80 சதவீதத்துக்குக் குறையாமல், சாப்பிட்டவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 24.6 சதவீதம். மருந்து அற்புதம் என்று இங்கேயே கட்டுரையை முடித்திருக்கலாம். 1980இல் வெளியிட்டபோது அவர்கள் போலி மாத்திரைக் குழுவையும் அதே மாதிரி பிரித்துக் காட்டினார்கள். போலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 15.1 சதவீதம், ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 28.3 சதவீதம்!

மாத்திரையில் ஒன்றுமில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிற மனிதர் வேறு பல வகைகளிலும் வேறு மாதிரியானவர். நோய் கடுமையாக இருப்பவர் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்பதும் இதில் கலந்திருக்கலாம். குலுக்கலில் பிரிந்தபடியே மொத்தமாக எடுத்துப் பார்த்தால் மருந்துக் குழுவில் 20.0, போலிக் குழுவில் 20.9 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். எனவே, சாப்பிட்டாரோ இல்லையோ, ஒருவர் எந்தக் குழுவில் போடப்பட்டாரோ அந்தக் குழுவிலேயே கடைசிவரை எண்ணப்பட வேண்டும். 'நெறிமுறையை முழுதாகப் பின்பற்றியவர்களில்' என்று தொடங்கும் வாக்கியத்தில் நல்ல செய்தி இருந்தால், மொத்தக் கணக்கில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தொடர்பே இல்லாமல் போனவர்கள் இன்னொரு சிக்கல். ஊர் மாறியவர், கைபேசி எண்ணை மாற்றியவர், ஒருவேளை இறந்தும் போனவர். எத்தனை சதவீதம் போனால் ஆபத்து என்று ஒரு நிலையான எல்லை கிடையாது. போனவர்களின் எண்ணிக்கையை விளைவின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: இரு குழுவிலும் 200 பேர், மருந்துக் குழுவில் 10 பேருக்கும் எதிர்க்குழுவில் 20 பேருக்கும் பக்கவாதம், இரு பக்கமும் 15 பேரைக் காணவில்லை. மருந்துக் குழுவில் காணாமல் போன 15 பேருக்கும் பக்கவாதம் வந்து, எதிர்க்குழுவில் ஒருவருக்கும் வராமல் இருந்திருந்தால் கணக்கு 25க்கு 20. முடிவே தலைகீழாகிவிடுகிறது. இந்தக் கடைசி எல்லையிலும் முடிவு நிலைத்தால் நிம்மதியாக மேலே படிக்கலாம்.

எதை அளந்தார்கள்?

மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பில் இடையிடையே தப்புத் துடிப்புகள் வருபவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம். தப்புத் துடிப்பை அடக்கினால் இறப்பு குறையும் என்பது 1980களின் மருத்துவத் தர்க்கம். ஃபிளெக்கெய்னைடு, என்கெய்னைடு என்ற இரண்டு மருந்துகளும் அதை நன்றாகவே அடக்கின. ஈ.சி.ஜி.யில் கண்ணுக்கு முன்னால் பலன் தெரிந்தது. போலி மருந்தோடு ஒப்பிட்டு இறப்பை எண்ணிப் பார்த்த 'காஸ்ட்' ஆய்வின் முழு முடிவு 1991இல் வந்தது. சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மருந்துக் குழுவின் 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். ஈ.சி.ஜி.யைச் சீராக்கிய மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது.

சர்க்கரை அளவு, கொலஸ்டிரால், எலும்பு அடர்த்தி, கட்டியின் விட்டம் எல்லாமே இந்த வகைப் பதிலி அளவைகள்தான். அவற்றை அளப்பது சுலபம், சீக்கிரம் மாறும், செலவு குறைவு. ஆனால் நோயாளி டாக்டரிடம் வருவது அதற்காக அல்ல. சென்னை ஆய்விலும் இப்படி ஓர் அளவை இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு வீட்டில் இருந்தவர்களைவிட உடல் எடை அதிகம் கூடியது. எடையை மட்டும் முதன்மை அளவாக வைத்திருந்தால் சானடோரியம்தான் வென்றிருக்கும். கிருமியை அளந்ததால் வேறு கதை தெரிந்தது.

'இறப்பு, மாரடைப்பு அல்லது ஆஸ்பத்திரி அனுமதி' என்று பலவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிய அளவைகளும் வரும். மூட்டையைப் பிரித்து எது குறைந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அனுமதிதான் குறைந்திருக்கும்.

எண்களைத் தமக்குரிய இடத்தில் வைத்தல்

1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஐந்து வாரத்தில், இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் குழுவில் 9.4 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 11.8 சதவீதம். இதையே 'இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது' என்றும் சொல்லலாம், 'நூற்றுக்கு 2.4 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. விளம்பரத்தில் முதலாவதுதான் வரும். 100ஐ 2.4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42. அதாவது 42 பேருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும். சில காசு விலையுள்ள மாத்திரைக்கு இது மிகப் பெரிய பலன். அதே 'ஐந்தில் ஒரு பங்கு', ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரக்கூடிய நோயில் என்றால், ஒருவரைக் காக்க 5,000 பேர் மருந்து சாப்பிட வேண்டும். விகிதம் மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது. அடிப்படை ஆபத்து எவ்வளவு என்று தெரியாமல் சதவீதக் குறைவைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள்.

துணைக்குழுக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்று காட்டுவதற்காக ஐசிஸ்-2 ஆசிரியர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி ராசி வாரியாகப் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் போலத் தெரிந்தது, மற்ற எல்லா ராசிக்கும் பெரும் நன்மை. (அவர்கள் பார்த்தது சூரியன் நின்ற ராசி. நம் ஜோதிடர்கள் சந்திரனைப் பார்ப்பார்கள் என்பதால் ஆட்சேபம் எழலாம்.) 'மொத்தத்தில் பலன் இல்லாவிட்டாலும் 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நல்ல பலன் தெரிந்தது' என்று ஒரு கட்டுரை சொன்னால் இந்த மிதுன ராசியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணைக்குழுவை ஆய்வு தொடங்கும் முன்பே அறிவித்திருந்தார்களா, இன்னோர் ஆய்விலும் அது வந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்றால் மட்டுமே காதுகொடுங்கள்.

பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் வெற்றி, மேலே போனால் 'வித்தியாசம் இல்லை' என்று படிப்பது இன்னொரு பழக்கம். சென்னை எண்களையே எடுத்துக்கொள்வோம். 92க்கு 86. ஒவ்வொரு குழுவிலும் சுமார் 80 பேர். தோராயமாகக் கணக்கிட்டால், உண்மையான வித்தியாசம் சானடோரியத்துக்குச் சாதகமாக 16 சதவீதப் புள்ளி வரையிலும், வீட்டுக்குச் சாதகமாக 4 வரையிலும் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதுதான் நம்பிக்கை இடைவெளி. ஆக, அந்த ஓர் ஆண்டு முடிவு மட்டும் 'இரண்டும் சமம்' என்று நிரூபிக்கவில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து, வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடவில்லை என்றும், உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கு நோய்த்தொற்று அதிகமாகவில்லை என்றும் தெரிந்த பிறகுதான் அந்த வாதம் முழுமையடைந்தது. கட்டுரை 'வித்தியாசம் காணப்படவில்லை' என்று சொன்னால், இடைவெளியின் மோசமான ஓரத்தைப் பார்த்து, அந்த அளவு நஷ்டம் நம் நோயாளிக்குப் பரவாயில்லையா என்று கேளுங்கள்.

கெடுதலைத் தேடும்போது வாக்கியம் எந்தத் திசையில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் கவனியுங்கள். 2000 நவம்பரில் வெளியான 'விகர்' ஆய்வு ரோஃபெகாக்சிப் என்ற வலிநிவாரணியை நாப்ராக்ஸனோடு ஒப்பிட்டது. சுருக்கத்தில் இருந்தது, நாப்ராக்ஸன் குழுவில் மாரடைப்பு குறைவு என்ற செய்தி: 0.1க்கு 0.4 சதவீதம். புது மருந்தில் நான்கு மடங்கு அதிகம் என்று அதையே எழுதியிருக்கலாம். போதாததற்கு, புது மருந்துக் குழுவில் ஏற்பட்ட மூன்று மாரடைப்புகள் கணக்கில் வரவே இல்லை. 2005 டிசம்பரில் அந்த ஆய்வை வெளியிட்ட இதழே இதைக் குறித்துக் கவலை தெரிவித்து எழுதியது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே மருந்து சந்தையிலிருந்து போய்விட்டிருந்தது.

கட்டுரைக்கு வெளியே

வெளிவராத ஆய்வை எடைபோட முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவாகியிருந்த 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளின் கதி என்ன என்று எரிக் டர்னர் குழு 2008இல் பார்த்தது. சாதகமாக முடிந்த 38இல் 37 வெளியாகிவிட்டன. மற்ற 36இல் 22 வெளியாகவே இல்லை, 11 சாதகமானவை போலத் திருத்தி எழுதப்பட்டு வெளியாயின, உள்ளபடி வெளியானவை மூன்றே. இதற்கு மாறான உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை உட்படுத்திய பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அந்தத் தடுப்பூசி பாதுகாப்பு தரவில்லை என்ற யாரும் விரும்பாத முடிவை மறைக்காமல் வெளியிட்டது.

இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களைச் சரிபார்க்க இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். கட்டுரையில் உள்ள பதிவு எண்ணை அந்த இணையதளத்தில் தேடுங்கள். முதல் நோயாளி சேர்ந்த பிறகு பதிவு செய்தார்களா? அங்கே எழுதிய முதன்மை அளவும் கட்டுரையில் உள்ள முதன்மை அளவும் ஒன்றா? பத்து நிமிட வேலை. முதன்மை அளவு மாறியிருந்து, அதற்குக் காரணம் சொல்லப்படவில்லை என்றால் நான் அந்தக் கட்டுரையை அங்கேயே மூடிவிடுவேன். பணம் கொடுத்தது யார் என்பதையும் பாருங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். கம்பெனிப் பணத்தில் நடந்த நல்ல ஆய்வும் உண்டு, அரசுப் பணத்தில் நடந்த குப்பையும் உண்டு.

எல்லாச் சோதனையிலும் தேறிய ஆய்வு உங்கள் வார்டுக்குப் பொருந்துமா என்பது மீதி. சென்னை ஆய்வின் 'வீடு' வெறும் வீடு அல்ல. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள், மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள், முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு 86 சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது. அந்த மையத்துக்கே இது நன்றாகத் தெரிந்திருந்தது. தினமும் வீட்டில் தானாகச் சாப்பிடும் மருந்தை, வாரம் இருமுறை மையத்துக்கு வந்து பணியாளர் கண்முன்னே எடுத்துக்கொள்ளும் மருந்தோடு ஒப்பிட்டு, 1964இல் அவர்கள் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள்.